பொங்கி வழிந்த போத்தல்கள்

போத்தலைத் திறந்ததும் பியர் நுரையாகச் சீறி ஸ்ரீகாந்தின் சட்டையை நனைத்துவிட்டது.

"என்ன அண்ணே, ஷாம்பெயினா கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டான் அவன். அவன் மகளின் பிறந்தநாளுக்கு வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். தன் கையால் ஊறவைத்து, போத்தலில் அடைத்துக் கொண்டுபோயிருந்த அருந்தவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அருந்தவன் சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். ஓய்வுபெற்றுப் போன ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதன் தன் பீப்பாயை அவரிடம் விட்டுச் சென்றதிலிருந்து, குளிர்காலம் தோறும் கராஜில் பியர் போடுவார். மனைவி விமலாதேவி ஒரு சொட்டும் குடிப்பதில்லை. ஆனால் அந்த வாசம் பாண் பேக்கரி மாதிரி இருக்கிறது என்று கராஜ் கதவைத் திறந்தே வைப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு போத்தலும் பொங்கியதில்லை.

பழுது என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் வழக்கம். முதலில் போத்தல்களில் அழுக்கு என்று நினைத்தார். எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார். மறுபடியும் பொங்கியது. புளித்து முடியுமுன் அடைத்துவிட்டோமோ என்று, அடுத்த தடவை பீப்பாயிலேயே கூடுதல் நாள் விட்டுவைத்தார். அந்தத் தடவை ஒரு போத்தல் வெடித்துக் கண்ணாடி கராஜ் முழுக்கச் சிதறியது. கடைக்காரன் விற்ற ஈஸ்ட் சரியில்லை என்று திட்டினார். வேறு கடையில் வாங்கினார்.

அதையும் அடைக்கிற நாள் வந்தது. விமலா உதவிக்கு நின்றாள். மண்ணிறப் போத்தல்களை வரிசையாக வைத்து, அடைத்தபின் நுரை பிடிப்பதற்காக அருந்தவன் புனலால் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சீனி போட்டார். பிறகு பியர் இறக்கும் குழாயைக் கழுவ உள்ளே போனார். திரும்பி வந்து மறுபடி கரண்டியை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, சீனி போட்டாச்சு."

"எங்க போட்டனான்? இப்பத்தானே துவங்கிறன்."

"நான் பக்கத்திலதானே நிண்டனான்."

அவருக்குக் கோபம் வந்தது. முதல் போத்தலை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார். சீனி கொட்டியது. அடுத்ததைக் கவிழ்த்தார். அதிலும் சீனி. வரிசை முடியும்வரை நிறுத்தவில்லை. நிலமெல்லாம் சீனி.

மெஷினுக்கடியில் விழுந்த திருகாணியைத் தேடுவதுபோல, அந்த முதல் கரண்டியைத் தலைக்குள் தேடினார். அப்படி ஒன்று நடந்ததாகவே அங்கே இல்லை.

"ஒவ்வொரு தரமும் இரண்டு தரம் போட்டிருக்கிறன் போல," என்றார் மெல்ல.

"போன மாதம் ஹரிஸ் பார்க்கில காரை விட்டிட்டு ட்ரெயினில வந்தீங்கள்," என்றாள் விமலா.

"அது களைப்பு எண்டு சொன்னனே."

"நானும் அப்பிடித்தான் நினைக்க விரும்பினனான்."

சீனியைக் கூட்டி அள்ளும்போது அவள் அழுதாள். அவர் அழவில்லை. விளக்குமாற்றை வாங்கித் தானே கூட்டினார்.

ஒரு டொக்டர் இன்னொரு டொக்டரிடம் அனுப்பினார். படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள். கடைசியில் சொன்ன நோயின் பெயரை விமலா மனத்துக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. ஆரம்பம்தான், மெதுவாகத்தான் போகும் என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அருந்தவன் சூப்பர்வைசரிடம் தானே போய் வேலையை விடுவதாகச் சொன்னார். கொஞ்சநாள் பொறுத்துப் பார்க்கலாமே என்றான் அவன். அன்று பின்னேரம் குசினியில் சமைத்துக்கொண்டே விமலாவும் அதையே கேட்டாள்.

"மெஷினைத் திறந்துபோட்டு மூட மறந்தனெண்டால் ஒரு பெடியன்ர கை போயிடும், விமலா. பியரெண்டால் பொங்கினதோட போச்சு."

பிறகு ஒரேயொரு தடவை இருவருமாகப் பியர் போட்டார்கள். சீனி போட்டது விமலா. அது பொங்கவில்லை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லாய் வந்திருக்கு என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் பீப்பாயைப் பற்றிக் கேட்கவேயில்லை. விமலாவும் நினைவூட்டவில்லை.