வடக்குக் கூண்டில் கோலப்பன்

தும்பா ராக்கெட் நிலையத்தில், வீட்டாரை அழைத்து வந்து சுற்றிக் காட்டும் குடும்ப நாள் வந்தால் எங்கள் யாருக்கும் கவலை கிடையாது. வடக்குக் கூண்டுக்குத்தான் கோலப்பன் இருக்கிறாரே என்று மனைவி மக்களோடு ஊர்வலம் போய்விடுவோம். ராக்கெட் ஏவும் இடத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, கடலோரம் நின்ற சின்னக் கான்கிரீட் அறைக்குத்தான் அந்தப் பெயர். கரையில் ஆள் இல்லை என்று பார்த்து டெலிபோனில் சொல்ல வேண்டும், எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டும், எல்லாம் அடங்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். பேச்சுத் துணைக்கு ஒரு காக்கை கூட வராது.

"எனக்கு ஆரு வாரா? நீரு போயிட்டு வாரும்" என்று ஐந்து வருஷம் என் முறையையும் அவரே பார்த்தார். நானும் கூச்சமில்லாமல் போய்வந்தேன்.

அவர் மனைவி வடிவம்மாள் சுசீந்திரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. மகள் பேச்சி தாயோடு. இவர் இங்கே பழவங்காடியில் ஒரு லாட்ஜ் அறையில். மாதம் ஒரு ஞாயிறு ஊருக்குப் போவார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாளாம். "விருந்தாளி வந்த மாதிரி நிக்கா ஓய்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபத்து நாலில் பேச்சியே கடிதம் எழுதினாள். குடும்ப நாளுக்கு வந்து அப்பா வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமாம். மனுஷர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஆனால் முறைப்பட்டியல் போட்டவருக்கு அது எப்படித் தெரியும்? பழக்கத்தில் வடக்குக் கூண்டுக்கு அவர் பெயரையே எழுதிவிட்டார். போய்ச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்து ஒன்று கேட்பதென்றால் கோலப்பனுக்கு உயிர் போய்விடும். முதல் நாள் சாயங்காலம் என்னிடம் மட்டும் வந்து நின்றார்.

"இந்த ஒரு தடவை நீரு இருப்பீரா?"

"இப்போ வந்து சொல்றீரே ஓய்! திருநெல்வேலியிலேருந்து மாமியார் வந்திருக்கா. ஆத்துல எல்லாரும் புறப்பட்டாச்சு."

"செரி, விடும். பிள்ளையையும் அவ அம்மையையும் சுத்திக் காட்டிரும்" என்றார்.

மாமியார் ராக்கெட்டைப் பார்க்காவிட்டால் குடியா முழுகியிருக்கும்? இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் விடியுமுன்பே அவர் கூண்டுக்குப் போய்விட்டார். ஆபீஸ் பஸ்ஸில் வந்த தாயையும் மகளையும் என் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டேன். ராக்கெட் பாகங்களைக் குலுக்கிச் சோதிக்கும் மேஜையைக் காட்டினேன்.

"இதா அப்பாக்க வேலை?" என்றாள் பேச்சி.

இல்லை என்றேன். காற்றளக்கும் பலூனைக் காட்டினேன். "இதா?" அதுவும் இல்லை. அப்புறம் அவள் கேட்கவில்லை.

மூன்றரைக்குச் சங்கு ஒலித்தது. "உங்கப்பாதான் ஊதறார்!" என்று அவசரமாகக் கை நீட்டிக் காட்டினேன். ராக்கெட் சீறிக்கொண்டு ஏறியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கை தட்டினார்கள். பேச்சி மட்டும் தூரத்துக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க அப்பா கூட ஆரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல மக்களே."

"எப்பவுமா?"

வடிவம்மாள் என்னைப் பார்த்தார். நான் செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன்.

பேச்சிக்கு மறுநாள் பரீட்சை. நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே இருவரும் கிளம்பிவிட்டார்கள். கூண்டிலிருந்து ஆளை விட நாலரை ஆனது. கோலப்பன் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"போயாச்சா?" மூச்சு வாங்கியது. "பிள்ளை என்ன சொன்னா?"

"கை தட்டினா ஓய். அவளுக்கு ஒரே சந்தோஷம்."

அவர் முகம் மலர்ந்தது.

"அப்பிடியா! அப்பம் அடுத்த வருசமும் நானே கூண்டுல இருந்துக்கிடுதேன். நீரு அவளைக் கூட்டிட்டுப் போனாப் போரும்."

சரி என்றேன்.