அறுகரிசி விழுந்ததா?

என் வீட்டுக்காரர் அழகருக்கு ஒரு புள்ளி ஆகாது. நான் கழுவி வைத்த தட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அப்படிப்பட்ட மனுசனுக்குக் கண்டி டவுனில் வாய்த்த தொழில், பழைய வீடியோ கசட்டுகளைக் கணினியில் ஏற்றி, படத்தில் பொரிகிற புள்ளிகளை நீக்கிக் கொடுப்பது. பொருத்தம்தான், போங்கள்!

கமலாசனி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறார். அவருடைய கல்யாணக் கசட் முப்பத்திரண்டு வருடம் தகப்பனாரின் அலுமாரியில் கிடந்து, அவர் காலமானபின் வீட்டைத் துப்புரவாக்கும்போதுதான் கைக்கு வந்ததாம். பூஞ்சணம் பிடித்த நாடா. ஒருதடவை ஓடி முடிந்து, திரும்பச் சுற்றும்போது இயந்திரத்துக்குள் சிக்கிக் கந்தலாகிவிட்டது. நல்லவேளை ஏற்றியாயிற்று என்று இவர் மூன்று நாள் உட்கார்ந்து புள்ளி நீக்கினார். முகங்கள் பளிங்கு மாதிரி வந்தன. சனிக்கிழமை, கணினியில் இடமில்லை என்று புலம்பினார். இனி புள்ளி நீக்காத அந்த அழுக்குப் பிரதி எதற்கு என்று அழித்தது நான்தான்.

திங்கட்கிழமை டீச்சர் வந்து பார்த்தார். தாலி கட்டும் இடத்தில் முன்னுக்குச் சாய்ந்தார். அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசியை எல்லாரும் தூவி வாழ்த்துகிற நேரம். திரையில் தகப்பனாரின் கை உயர்ந்தது, விரல்கள் விரிந்தன. ஒன்றும் விழவில்லை.

"அப்பாவுக்கு இந்தக் கல்யாணம் விருப்பமில்லை. அண்டைக்கு நான் குனிஞ்சபடி இருந்தனான். அவர் போட்டவரோ எண்டு இவ்வளவு காலமும் தெரியாது. வெறுங்கையைத்தான் காட்டியிருக்கிறார்," என்றார்.

அழகரின் முகம் செத்துப்போனது. திரையில் மற்றவர்களைக் காட்டினார். ஒருவர் கையிலிருந்தும் அரிசி விழவில்லை.

"டீச்சர், வீடியோவில நொடிக்கு இருபத்தஞ்சு படம் ஓடுது. ஒரு படத்தில தெரிஞ்சது அடுத்த படத்தில அதே இடத்தில இல்லாட்டி, அழுக்குப் புள்ளின்னு மெஷின் துடைச்சிரும். பறக்கிற அரிசியையும் துடைச்சிருச்சு. நான்தான் துடைக்கிற அளவைக் கூட்டி வச்சிட்டேன்."

"அப்ப, அப்பா போட்டவரோ?"

"பழைய பிரதியைப் பார்த்தாத்தான் தெரியும்," என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அழிச்சிட்டேங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அழிந்ததைத் தேடி மீட்கும் செயலியை ஓடவிட்டார். இரண்டு மணி நேரம். டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. கடவுளே, இந்த ஒரு தடவை காப்பாற்று என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.

பாதிதான் திரும்பி வந்தது. அதில் மணவறை இருந்தது! ஆனால் திரை முழுக்கப் புள்ளிகள். எது அரிசி, எது அழுக்கு? அழகர் ஒவ்வொரு படமாக நகர்த்தினார். தகப்பனாரின் விரல்கள் விரிந்தன. புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. சில மட்டும் மறையாமல், அந்த விரல்களிலிருந்து படத்துக்குப் படம் கீழே இறங்கி, குனிந்திருந்த பெண்ணின் தலையில் விழுந்தன.

டீச்சர் தன் நரைத்த உச்சியைத் தொட்டுப் பார்த்தார். "போட்டிருக்கிறார்," என்றார்.

"இந்த இடத்தை விட்டுட்டு, மத்ததைத் துடைச்சுத் தரட்டுமா டீச்சர்?"

"வேண்டாம் தம்பி. ஒண்டையும் துடையாதேங்கோ."