உப்பு லாரியில் வந்த விறகு

வினையூக்கி, அதாவது கேட்டலிஸ்ட், செத்துப்போனது. மீதி இருந்தது ஒரே டிரம். அதுவும் போனால் பிளான்டை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் சோதனைக்காகப் போட்ட சின்ன பைலட் பிளான்ட் அது. சீமைக்கருவேல விறகைச் சிப்ஸாக வெட்டி, காற்றுப் புகாமல் சூடாக்குவோம். வரும் ஆவியைக் கேட்டலிஸ்ட் நிரப்பிய குழாயில் விட்டுக் குளிரவைத்தால் எரிபொருள் எண்ணெய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உப்பளம், விசைப்படகு, திருச்செந்தூர் லாட்ஜ் என்று சுற்றிவிட்டு அங்கே ஆபரேட்டர் ஆனேன். பிளான்டை நடத்தியவர் நாசரேத்துக்காரர், வேதியியல் டாக்டர் கிரேஸ் மேடம்.

முதலில் நல்ல எண்ணெய் வந்தது. பிறகு புளித்த தண்ணீர்தான் வடிந்தது. கேட்டலிஸ்டில் படிந்த கரியைக் காற்று விட்டு எரித்துப் பார்த்தோம். தேறவில்லை.

கடைசி டிரம்மை நிரப்பிய அன்று, பணம் போடப்போகிறவர்களை முதலாளி கூட்டிவந்திருந்தார். ரியாக்டர் சூடேறிக்கொண்டிருக்கும்போது விறகு லாரி வந்தது. மேடம் அதிலிருந்து ஒரு சிராயைப் பிய்த்து நாக்கில் வைத்தார்.

"ஏலே, இங்கன பாரு! டாக்டரம்மா வெறகத் திங்காவ. சோத்துப் பொட்டிய மறந்துட்டாவளோ?" என்று டிரைவர் சுடலை அண்ணாச்சி என்னிடம் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "உப்புக் கரிக்குது. அண்ணாச்சி, இங்கேருந்து போம்போது என்ன லோடு?"

"உப்புதான். காலி வண்டி ஓட்டுனா டீசலுக்குக் கட்டுமா? தூத்துட்டுத்தான வெறகு ஏத்துதேன்!"

எங்கள் ஊரில் உப்பு ஏற்றாத லாரி ஏது? யாருக்கும் அது உறுத்தவில்லை. கரி படிந்தால் எரித்துவிடலாம், உப்பிலுள்ள சோடியம் ஏறினால் கேட்டலிஸ்ட் பிழைக்காது என்றார் மேடம். "இந்த விறகை உள்ளே ஃபீட் போடாதீங்க."

முதலாளி ஓடிவந்தார். "ஆளுங்க வந்து நிக்காங்க மேடம். இன்னைக்கு மட்டும் ஓட்டுங்க."

"ஓட்டுனா இன்னைக்கு எண்ணெய் வரும் சார். அப்புறம் பிளான்ட் இருக்காது."

வந்தவர்களிடம் மேடமே போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

எங்கள் போர்வெல்லிலும் உப்புத்தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரை டேங்கரில் வரவழைத்து விறகை அலசிக் காயவைத்தோம். அடுத்த ஓட்டத்தில், உள்ளே பார்க்க வைத்த சைட் கிளாஸ் கண்ணாடியில் தண்ணீருக்கு மேல் தேன் நிறத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. கடைசிவரை நிறம் மாறவில்லை.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். எண்ணெயைப் பார்த்தார்கள், ஆனால் பிளான்டை ஓட்டாத அந்த நாளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுவிட்சைப் போட யாரும் பழகிக்கொள்ளலாம். எல்லோரும் பார்த்து நிற்கும்போது போடாமல் இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும்.