கடைசிப் பலகை

சிராங்கூன் சாலையில் மருதப்பனின் மளிகைக் கடைக்குப் பலகைக் கதவு. எண் போட்ட பலகைகளை வரிசை பிசகாமல் செருகினால்தான் கடைசிப் பலகை உட்காரும். 1964 ஜூலையில் சீனர்களும் மலாய்க்காரர்களும் மோதிக்கொண்ட கலவரத்தன்று பதற்றத்தில் வரிசையை மாற்றிவிட்டார். ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிட்டது. சரக்குக்குப் பயந்து, மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை ஓங்கியபடி அந்தச் சந்தில் நின்றார். மண்டை பிளந்த சீன ரிக்‌ஷாக்காரர் ஒருவர் அவரை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார். துரத்தி வந்த கும்பல் கொக்கியைப் பார்த்துத் தயங்கி வேறு பக்கம் ஓடியது.

பத்திரிகை நிருபர் அவரைக் கொக்கியோடு மறுபடி நிற்கவைத்துப் படம் எடுத்தார். ‘அடைக்கலம் தந்த முதலாளி’ என்று செய்தி வந்தது. மருதப்பன் மறுக்கவில்லை. கடைக்காரர் சங்கம் மாலை போட்டு அவரைத் தலைவராக்கியது. “ஓடி வர்றவனுக்கு என் கடை திறந்தே இருக்கும்” என்று மேடையில் பேசினார். அதுவும் அச்சில் வந்தது. படம் கல்லாவுக்கு மேலே ஏறியது. தெருமுனையில் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி விற்கும் மலாய்க்காரர் ஹம்சா அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்துவார்.

“மாலைய அந்தப் பலகைக்குப் போட்டிருக்கணும்” என்பாள் மனைவி முத்தாயி.

செப்டம்பரில் மறுபடி வெட்டுக்குத்து. இம்முறை பலகைகள் ஒழுங்காக உட்கார்ந்தன. சற்று நேரத்தில் வெளியே யாரோ இரண்டு கைகளாலும் அறைந்தார்கள்.

“தவுக்கே! தொலோங்!”

முதலாளியை உதவிக்கு அழைக்கும் ஹம்சாவின் குரல். பின்னாலேயே கம்பு விழும் சத்தம், எலும்பு முறியும் சத்தம். பலகைக்கு அடியில் ரத்தம் கசிந்து உள்ளே வந்தது.

“தொறக்காதீங்க மொதலாளி. பாராங் கத்தி வச்சிருக்கானுங்க” என்றான் கடை ஆள் யாக்கூப்.

“திறந்தே இருக்கும்னீங்களே” என்றாள் முத்தாயி.

“அது மேடைப் பேச்சு லா.”

“அடி வாங்குறவனுக்கு அது தெரியாதே.”

மருதப்பன் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதில் இருந்தவன்மேல் அவருக்கு ஆத்திரம் வந்தது. கடைசிப் பலகையை உருவி, ஹம்சாவின் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்தார். கத்தி அவர் வலக்கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் வாசலில் விழுந்தன. யாக்கூப் பலகையை அறைந்து மூடினான்.

ஹம்சா பிழைத்தார், ஒரு கண் போயிற்று. அன்று எந்த நிருபரும் வரவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஜூலைக் கதையைச் சொல்லும்படி கேட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு எழுந்த மருதப்பன், “அன்னிக்கு நான் யாரையும் காப்பாத்தல. பலகை சேரல, அவ்வளவுதான்” என்றார்.

கூட்டம் சிரித்தது, பிறகு நெடுநேரம் கைதட்டியது. மறுநாள் பத்திரிகையில் தலைவரின் தன்னடக்கத்தைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.