மாற்றிய சிப்பும் பொன்னுசாமி அண்ணனின் வலது கையும்

பொன்னுசாமி அண்ணனின் கை எதையும் மறக்கவில்லை. அவர் ஆடிய ஆட்டத்தை மாற்றியவன் நான். மாற்றியதை மறைத்தேன். நேருக்கு நேர் கேட்டபோதும் இல்லை என்று பொய் சொன்னேன்.

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எதற்கு இத்தனை மாதம் என்று நீங்கள் கேட்கலாம்... கேளுங்கள். நானும் தினம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பதில் வந்தபாடில்லை, அலுப்புதான் மிச்சம்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பஞ்சர் கடை, மறுபக்கம் டீக்கடை. இன்வெர்ட்டர், டிவி, வாஷிங் மெஷின் போர்டு, எது வந்தாலும் பார்ப்பேன். "சம்பத்துகிட்ட குடுங்க, செத்த போர்டையும் எழுப்பிக் குடுத்துடுவான்" என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

பொன்னுசாமி அண்ணன் யார் என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்தார். நான் அப்போது பாலிடெக்னிக் மாணவன். ஆளுயர மரப்பெட்டி, உள்ளே ஒரு டிவி, வெளியே பிடித்து ஆட்ட ஒரு குச்சி, சுடுவதற்கு இரண்டு பொத்தான். டோக்கன் போட்டால் ஆட்டம் தொடங்கும். அங்கிருந்ததிலேயே விமானச் சண்டைப் பெட்டிக்குத்தான் கூட்டம் அதிகம். எதிரி விமானங்கள் மேலிருந்து வரிசை கட்டி இறங்கும், நம்முடைய ஒற்றை விமானம் கீழே நின்று சுட வேண்டும்.

கூட்டம் ஓய்ந்ததும் அண்ணனே ஆடுவார். ஆட்டமா அது! பக்கத்தில் நிற்பவரிடம் மழையைப் பற்றியும் மரவள்ளியைப் பற்றியும் பேசிக்கொண்டே ஆடுவார். திரையை ஒழுங்காகப் பார்க்கக்கூட மாட்டார். எந்த வரிசை எந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் என்பது அவர் கைக்கு முன்கூட்டியே தெரியும். எதிரி வருவதற்குள் அவர் விமானம் விலகிப் போயிருக்கும்.

நான் ஆடினால் மூன்றாவது கட்டத்தைத் தாண்ட மாட்டேன். "கரண்டப் பத்திப் படிக்கறானாம்டா இவன்! கரண்டுல ஓடற பொட்டிகிட்டயே தோத்துட்டு நிக்கறான் பாரு!" என்று கடையே சிரிக்கும்படி சொல்வார். வெறும் கேலிதான். மனதில் வஞ்சம் வைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் எனக்கு உறைத்தது... இவ்வளவு காலம் கழித்தும் அந்தச் சிரிப்பு உள்ளே எங்கேயோ கிடந்திருக்கிறது என்பது எனக்கே தெரியாது.

செல்போன் வந்தது, கேம்ஸ் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அண்ணனும் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊரான பாப்பிரெட்டிப்பட்டிக்கே போய் விவசாயம் பார்த்தார். விமானப் பெட்டியை மட்டும் விற்க மனம் வராமல் கூடவே கொண்டுபோனாராம். அது உர மூட்டைகளோடு கிடந்தது.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிற்று.

அவர் மனைவி சரசு அக்கா ஒரு நாள் பஸ் பிடித்து என் கடைக்கு வந்தார். விமானப் பெட்டியிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றிய போர்டை, கைக்குழந்தையை இறக்குவது மாதிரி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இது ஓடுமான்னு பாருங்க. பிசியோதெரபி பொண்ணு வந்து பந்த அமுக்குங்கறா, கயித்தப் புடிச்சு இழுங்கறா. இவரு எதுக்கும் மசிய மாட்டேங்கறாரு. 'என் பொட்டியக் குடு, அதுன்னா என் கைக்குத் தெரியும்'னு அதயே சொல்லிகிட்டு இருக்காரு. எப்படியாச்சும் கை அசஞ்சாப் போதும் எனக்கு."

போர்டில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. எலி சிறுநீர் பட்டு ஒரு சிப்பின் இரண்டு கால் துருப்பிடித்திருந்தது, ஒரு கெபாசிட்டர் உப்பியிருந்தது. சரிசெய்து மின்சாரம் கொடுத்ததும் ஓடிற்று. அதே பழைய ஆட்டம், அதே இசை!

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தால் இந்தப் பாவம் எனக்கு இல்லை. நிறுத்தினேனா?

அந்தக் காலத்துப் போர்டுகளில் ஆட்டம் முழுவதும் சில சிப்புகளில் எழுதப்பட்டிருக்கும். படங்களுக்குத் தனிச் சிப்பு, ஆட்டத்தை நடத்துவதற்குத் தனிச் சிப்பு. சிப்பின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. புற ஊதா விளக்குப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் உள்ளே எழுதியது அத்தனையும் அழிந்துவிடும். பிறகு அதிலேயே வேறொன்றை எழுதிக்கொள்ளலாம். புதுச் சிப்பு இப்போது லேசில் கிடைப்பதில்லை என்பதால் நாங்கள் பழசையே அழித்து எழுதுவோம். அழிக்கும் முன் ஒரு நகலைக் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொழில் பழகுகிறவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்.

அதே ஆட்டத்தின் அடுத்த வெர்ஷன் இணையத்தில் கிடைத்தது. படம் அதேதான், இசையும் அதேதான். எதிரி வரும் வரிசையும் வேகமும் மட்டும் வேறு. பழசைச் சரிசெய்து கொடுப்பது என்ன பெரிய வித்தை, அப்கிரேடு செய்து கொடுத்து அண்ணனை அசத்தலாமே என்று தோன்றிற்று. ஆட்டத்தை நடத்தும் இரண்டு சிப்புகளையும் கழற்றினேன், விளக்குப் பெட்டியில் வைத்து அழித்தேன், புதியதை எழுதி மறுபடி செருகினேன்.

நகல் எடுக்கவில்லை. இந்தப் பழைய குப்பையை இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். சோம்பல்... திமிர்... எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அசத்த வேண்டும் என்பது மட்டும்தானா? இல்லை. இதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. புது ஆட்டத்தை மேசைமேல் ஓட்டிப் பார்த்தபோது, "இப்ப ஆடு பார்க்கலாம் பொன்னுசாமி!" என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற மனிதரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? சொன்னேனே! சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு விளையாட்டு, எத்தனை பங்கு வன்மம்... என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போர்டை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் மாட்டினேன். சரசு அக்கா பெட்டியைத் துடைத்து, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார். பிசியோதெரபி பெண்ணும் வந்திருந்தாள். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தோம். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். இடக்கையால் வலக்கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகக் குச்சியைச் சுற்றி வைத்தார். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்...

ஆட்டம் தொடங்கிற்று. கை அசைந்தது!

ஆமாம், அசைந்தது! கொஞ்சம் நடுங்கிற்று, கொஞ்சம் தாமதமாகப் போயிற்று, ஆனால் போயிற்று. பேருந்து நிலையத்துக் கடையில் நான் பார்த்த அதே போக்கு. முதல் வரிசை இறங்கும் முன்பே இடப்பக்கம் ஒதுங்கினார். பழைய ஆட்டத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். நான் எழுதிய ஆட்டத்தில் எதிரி நேராக அங்கேதான் வந்து இறங்கினான். விமானம் வெடித்தது.

மறுபடி ஆடினார். வலப்பக்கம் போனார், அங்கேயும் எதிரி. இன்னொரு முறை ஆடினார், முதல் கட்டத்தையே தாண்டவில்லை. "அங்கிள், கை சூப்பரா மூவ் ஆகுது! அத மட்டும் பாருங்க!" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கையைப் பார்க்கவே இல்லை. திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். வார்த்தை குழறினாலும் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது.

"சம்பத்து... எதாச்சும் மாத்துனியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை! அதைச் சொல்லியிருந்தால் போதும். சிப்பை அழித்தது கூடப் பெரிய குற்றமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஒரு வார்த்தையை விழுங்கியதுதான் குற்றம். சரசு அக்கா என்னைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நின்றிருந்தாள். செத்த போர்டை எழுப்புகிற சம்பத்து, கேட்காத வேலையைச் செய்து காரியத்தைக் கெடுத்தான் என்று எப்படிச் சொல்வது?

"இல்லண்ணா, அதே சிப்புதான். தூசி தட்டி மாட்டுனேன், அவ்ளோதான்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் போயிடுச்சு" என்றார். குச்சியைச் சுற்றியிருந்த விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் கையை நீட்டவில்லை. பெட்டிமேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடச் சொல்லிவிட்டார். பிசியோதெரபி வேண்டாம் என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார். சோறு கூட அக்காதான் ஊட்டுகிறார். சரசு அக்கா போன் செய்து அழும்போதெல்லாம், "கொஞ்ச நாள் போகட்டும்க்கா, சரியாயிடும்" என்று நானும் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்ல எனக்கென்ன யோக்கியதை இருந்தது?

பழைய ஆட்டத்தைத் தேடாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். இணையத்தில் கிடைத்ததை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். எதுவும் அது இல்லை. அந்தக் காலத்தில் பெங்களூரில் யாரோ கைவைத்து மாற்றி விற்ற ஆட்டம் அது. வேறு எங்காவது ஒரு பெட்டியில் இருந்தாலும் இருக்கலாம். என் கண்ணில் படவில்லை.

போன மாதம் ஒரு பிற்பகல், இனிமேல் தாங்காது என்று வண்டியை எடுத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"அண்ணா, உங்க கை ஒரு தப்பும் பண்ணலண்ணா. நான்தான் சிப்ப மாத்திட்டேன். அது வேற ஆட்டம். உங்க கை பழைய ஆட்டத்தக் கரெக்டா ஆடுச்சு, நான் கண்ணால பாத்தேன்!"

அண்ணன் அசையாமல் கேட்டார்.

"அன்னிக்குக் கேட்டேனே... இல்லேன்னியே?"

"பயந்துட்டுப் பொய் சொல்லிட்டேண்ணா."

"சரி... அப்பப் பழசப் போட்டுக் காட்டு."

"அழிச்சிட்டேண்ணா."

"நகலு இருக்குமில்ல?"

"எடுக்கலண்ணா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்லச் சிரித்தது.

"ஏன்டா... நகலு எடுக்காம எவனாச்சும் சிப்ப அழிப்பானா? அதுவும் நீயா? கேம்ஸ் கட வெச்சிருந்தவன்டா நானு... எங்கிட்டயே கத வுடற பாத்தியா?"

"சத்தியமாண்ணா!" என்றேன். கையைக் கூப்பினேன். அழுதேன். அழ அழ அவருக்கு என்மேல் பாசம்தான் கூடிற்று! இடக்கையால் என் தோளைத் தட்டினார். "வுடு... எனக்காவ உம் பேர நீயே கெடுத்துக்காத" என்றார். வலக்கை மடியில் அப்படியே கிடந்தது.

வண்டியை எடுக்கும்போது சரசு அக்கா பின்னாலேயே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவரு மனசு தேறட்டும்னு பழியத் தூக்கி உங்க தலயில போட்டுகிட்டீங்களே தம்பி... கூடப் பொறந்தவங்க கூட இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றார். வீட்டில் விளைந்த மரவள்ளிக்கிழங்கை ஒரு பை நிறையக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அந்த ஊர்க்காரர்கள் யார் என் கடைக்கு வந்தாலும் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. அக்கா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு என்கிறார்கள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, என் தொழிலின் பெருமையும் தெரியாது. நான் நகல் எடுக்கவில்லை. உண்மையிலேயே எடுக்கவில்லை... நீங்களாவது நம்புங்கள்.