குதிரைப் படம் கட்டிய மீன்

மீனுக்கு லேபிள் போட்ட ஊர் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கும். அந்த ஊரில் நான் நர்சாக வேலை பார்த்தேன். சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகிற பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேரைச் சொன்னால் அன்றைய பஞ்சாயத்துத் தலைவரின் பேரன்மார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். மிஷன் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரு கட்டில், இரண்டு பெஞ்சு, அலமாரி நிறையத் தீப்புண் களிம்பு. பிரசவம் பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். வந்ததென்னவோ வெடியாபீஸில், அதாவது பட்டாசுக் கம்பெனிகளில், வெந்த கைகளும் கால்களும்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கடல் மீன் தின்று வளர்ந்தவள். கண்மாய் மீன் என்றாலே சேற்று வாடை என்று முகத்தைச் சுளிப்பேன். அந்தத் திமிரை அடக்கியது ஒரு மீன்காரி. தலையில் ஓலைப்பெட்டி, கையில் தூக்குவாளி. பெட்டியில் கெண்டையும் கெளுத்தியும் கிடக்கும். வாளித் தண்ணீரில் அயிரை உயிரோடு நெளியும். அவள் சொல்லிக் கொடுத்தபடி உப்பும் மண்சட்டியும் போட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைத்தேன். அதற்குப் பிறகு கடல் மீனை நினைத்து நான் ஏங்கவில்லை. அவளை மீன்காரக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

புருஷனை வெடியாபீஸில் பறிகொடுத்தவள் அவள். தலைவரின் கம்பெனியில் வெடிமருந்து இடிக்கப் போனவனைப் பனை ஓலையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஊரில் அவள் வயதுப் பெண்கள் எல்லாம் ஒன்று தீப்பெட்டி ஒட்டினார்கள், இல்லை திரி கிள்ளினார்கள். இவள் மட்டும் செத்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் தூண்டிலும் பறியும் போடுகிறவர்களிடம் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்றுப் பிழைத்தாள். அந்த ஓலைப்பெட்டி தலையில் இருக்கிறவரைக்கும் அவள் சொன்ன சொல் நிற்கும். இறங்கினால் நிற்காது. அது அவளுக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றாமல் பெய்து கண்மாய் நிறைந்தது. அதில் மீன் பிடிக்கிற உரிமையான மீன் பாசியை ஏலம் விட்டார்கள். தலைவரின் மச்சினன் எடுத்தார். எல்லா வருஷமும் அவர்தான் எடுப்பார். ஏலம் என்று ஒன்று நடப்பது ஊர்க்காரர்கள் கைதட்டிப் பழக வேண்டும் என்பதற்காக. கொஞ்ச நாளில், கண்மாயில் யாரோ வெடிமருந்துப் பொட்டலம் வீசி மீன் அடிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. வேறு ஊர் என்றால் வெடிச்சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவருவார்கள். எங்கள் ஊரில் சத்தம் கேட்காத நாளில்தான் என்ன ஏதென்று விசாரிப்பார்கள். அதனால் யார் வீசினார்கள் என்பதற்குச் சாட்சி கிடைக்கவில்லை. கண்மாய்க்கரைக் குடிசையில் காவல் இருந்ததோ மச்சினனின் ஆட்கள். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

திருட்டு மீனை ஒழித்தே தீருவது என்று தலைவர் பஞ்சாயத்தைக் கூட்டினார். மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு வித்தைதான் கற்றவர், அது பட்டாசுக் கம்பெனி நடத்துவது. உடம்புக்கு முடியவில்லை என்றால்கூட என்னிடம் வந்து, “சரக்குல எங்கனயோ ஈரம் பட்டுப்போச்சு நர்சம்மா” என்பார். மீன் விஷயத்திலும் அவருக்குத் தோன்றியது அதுதான். லேபிள் இல்லாமல் ஒரு சரக்காவது கம்பெனி வாசலைத் தாண்டுமா, மீன் மட்டும் எப்படித் தாண்டலாம் என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. இனிமேல் மீனைத் தெருவில் விற்கக்கூடாது, பஞ்சாயத்துக் கொட்டகையில்தான் விற்க வேண்டும், விற்கிற ஒவ்வொரு மீனிலும் லேபிள் இருக்க வேண்டும், லேபிள் இல்லாதது திருட்டு மீன் என்று தீர்மானம் போட்டார்கள். மேற்பார்வைக்குத் தலைவரின் கம்பெனியில் லேபிள் பிரிவைக் கவனித்த மேஸ்திரியையே உட்கார வைத்தார்கள்.

லேபிளுக்குச் சிவகாசி அச்சாபீஸில் ஆர்டர் கொடுத்தார்கள். மீன் படம் போடத் தனியாக அச்சுக் கல்லில் வரைய வேண்டும், சீசன் நேரத்தில் ஆள் இல்லை என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். ஏதோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனி வேண்டாமென்று தள்ளிய லேபிள் கட்டுக்கட்டாகக் கிடந்திருக்கிறது. முன்னங்காலைத் தூக்கி நிற்கிற வெள்ளைக் குதிரை. அதன் வயிற்றுக்குக் கீழே ‘பஞ்சாயத்து மீன்’ என்று அடித்து அனுப்பிவிட்டார்கள். வந்த லேபிளில் பாதி அளவுகூட அந்தக் கண்மாயில் மீன் இருந்திருக்காது. மிச்ச லேபிளை மேஸ்திரி, தலைவரின் மச்சினன் வீட்டிலேயே பத்திரமாக வைத்தார். திருடன் கையில் சாவி என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

கொட்டகை திறந்த அன்று வேடிக்கை பார்க்க நானும் போனேன். தீப்பெட்டி ஒட்டுவதில் கைதேர்ந்த பெண்களை வரவழைத்து, மைதா பசை காய்ச்சி, மீன் முதுகில் லேபிள் ஒட்டச் சொன்னார்கள். ஈர மீனில் எது ஒட்டும்? குதிரை வழுக்கி வழுக்கி விழுந்தது. மீனைத் துணியால் துடைத்துவிட்டு ஒட்டு என்றார் மேஸ்திரி. துடைத்து ஒட்டினார்கள், மீன் வெயிலில் காய்ந்தது, லேபிள் நின்றது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. கடைசியில் வெடிக்குத் திரி முறுக்குகிற நூலை எடுத்துச் செவுளில் கோத்து லேபிளைக் கட்டினார்கள். ஒரு ரசம் வைக்கிற நேரத்தில் ஊரே அதற்குக் குதிரை மீன் என்று பேர் வைத்துவிட்டது.

மீன்காரக்கா சட்டத்துக்கு அடங்கிக் கொட்டகை மூலையில் உட்கார்ந்தாள். கெண்டைக்கும் கெளுத்திக்கும் லேபிள் வாங்கிக் கட்டினாள். சிக்கல் அயிரையில் வந்தது. அயிரை சுண்டுவிரல் நீளம்கூட வராது. லேபிளோ தீப்பெட்டி அகலம். மேஸ்திரி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தீர்மானத்தில் ஒவ்வொரு மீனும் என்றுதான் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கட்டு என்றார். அவள் வாளியை அவர் முன்னால் வைத்து, கட்டிக் காட்டும்படி பணிவாகச் சொன்னாள். மனிதர் கட்டிப் பார்த்தார். அதுதான் நான் இன்றைக்கும் நினைத்துச் சிரிக்கிற காட்சி. நழுவியது நழுவிக்கொண்டே இருந்தது. மேஸ்திரியின் வேட்டி முழுக்கச் சேறு. சட்டத்தைப் பார்த்து ஊர் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கான தண்டனை அவள் தலையில் விழும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கண்மாய்ப் பக்கம் பெரிய சத்தம். விடிந்து பார்த்தால் கெண்டையும் விராலும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. விரல் நீளக் குஞ்சுகள்கூடக் கரை ஓரம் சுண்ணாம்பு கொட்டினாற்போல் ஒதுங்கிக் கிடந்தன. வெயில் ஏறுவதற்குள் மச்சினனின் ஆட்கள் பெரிய மீனாகப் பொறுக்கி, வீட்டிலிருந்த லேபிளை எடுத்து, ஒன்று விடாமல் குதிரை கட்டிச் சாத்தூருக்கு லோடு ஏற்றிவிட்டார்கள். எனக்கும் இனாமாக ஒரு விரால் வந்தது. அறுத்தேன். உள்ளே குடலும் முள்ளும் கூழாகக் கிடந்தன. குப்பையில் எறிந்துவிட்டு, கோபத்தோடு பஞ்சாயத்துக்குப் போனேன்.

அங்கே திருடனை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். லோடு போன மீனில் எல்லாம் லேபிள் இருக்கிறது, ஆகவே அது நல்ல மீன். கொட்டகையில் லேபிள் இல்லாத மீன் வைத்திருந்தவள் ஒருத்திதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. விராலின் வயிற்றில் நான் பார்த்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியைப் பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரியைப் பார்க்கலாம் என்றார் தலைவர், மரியாதையாகத்தான் சொன்னார். மீன்காரக்கா அயிரை வாளியை எல்லாருக்கும் நடுவில் வைத்தாள். உள்ளே அத்தனையும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன.

“உசுரோட துள்ளுற மீனு திருட்டு மீனு, வயிறு வெடிச்ச மீனு சட்டத்து மீனு. நல்லாருக்குங்கய்யா ஒங்க நாயம்” என்றாள்.

மேஸ்திரி வாளியைத் தூக்கி வாசலில் கவிழ்த்தார். அந்தக் கண்மாயிலும் அதன் வாய்க்காலிலும் பிடிக்கிற மீனை அவள் ஊருக்குள் விற்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. கண்மாயில்தான் மீனே இல்லையே, குஞ்சோடு கொன்றாயிற்றே என்று நான் கத்தினேன். என்னை உட்காரச் சொன்னார்கள்.

இரண்டு மாதம் அவள் சாத்தூர்வரை போய்க் கருவாடு வாங்கி விற்றுப் பார்த்தாள். கட்டுபடியாகவில்லை. கடைசியில் எந்த வாசலை மிதிப்பதில்லை என்றாளோ, அங்கேயே போய் நின்றாள். தலைவர் பெருந்தன்மையாக வேலை கொடுத்தாராம். மீன் வாடை ஆகாது, கையை நன்றாகக் கழுவிவிட்டு வா என்று மட்டும் சொன்னாராம். இதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது, போகாதே அக்கா என்றேன். “போகாம எங்கன போறது?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலையாவது கொடுங்கள் என்று மிஷனுக்கு எழுதிப் பார்த்தேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அடுத்த மழைக்கும் கண்மாய் நிறைந்தது. மச்சினன் ஏலம் எடுத்தார், கை தட்டினார்கள். ஒரு காலையில் தலைவர் இருமிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். அயிரை ஆய்ந்து குழம்பு வைத்து எத்தனை நாளாயிற்று என்று அங்கலாய்த்தார்.

“மீன் விக்க ஊருக்குள்ள ஒரு ஆளு இல்ல நர்சம்மா. வெயில்ல அலைஞ்சு பொழைக்க இப்ப எவளுக்கு மனசிருக்கு?”

நான் மீன்காரக்காவின் வலது கையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். முழங்கைவரை வெந்திருந்தது. பழைய துணியை எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தன் கம்பெனிக் கூலியாள் என்றுதான் தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கத்தரிக்கோலை அவர்மேல் எறிய வேண்டும்போல் இருந்தது. அவள் வெந்த கையை என் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அய்யாவ மொதல்ல பாத்து அனுப்புங்க நர்சம்மா, நான் இருக்கேன்” என்றாள்.