அவர் மீட்டரில் அறுபது

அந்த வண்டியில் ஏற எனக்கு ஒரு முக்காலி வேண்டும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சமையலறையில் மேல் அலமாரியை எட்டுவதற்காக வாங்கிய பிளாஸ்டிக் முக்காலியைக் கதவுக்குக் கீழே போட்டால்தான் என்னால் உள்ளே கால் வைக்க முடியும். போன வருடம் வலது முழங்காலில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. பக்கவாட்டில் ஒரு படி போட்டுக் கொடுங்கள் என்று என் கணவரிடம் மூன்று மாதம் கேட்டேன். படி போட்டால் வண்டியின் லுக் போய்விடுமாம். மனைவியின் மூட்டு போனால் பரவாயில்லை.

டல்லாஸுக்கு வடக்கே எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிக்கப் டிரக் நிற்கிறது. ஒன்பது வருடம் அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசைப்படட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அவர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது, முன்பு வைத்திருந்தவன் அரை அடி உயர்த்தி, என் இடுப்பு வரை வருகிற டயர்களை மாட்டி வைத்திருந்த ஒரு பழைய வண்டி. கோயில் பார்க்கிங்கில் இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு அது நின்றபோது, நண்பர்கள் சுற்றி நின்று "செம மாஸ் ப்ரோ" என்றார்கள். உச்சி குளிர்ந்துபோய், அடுத்த மாதமே ஒரு டிராவல் ட்ரெய்லரையும் வாங்கினார். படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற, இருபத்தாறு அடி நீளமுள்ள சக்கர வீடு.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அவர் டெவலப்பர். தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் ஆபீசில் எனக்குச் சம்பளம். அங்கே டெவலப்பர்கள், என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே ஓடுகிறது என்பார்கள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே திருத்தியும் விடுவார்கள். வீட்டில் முதல் பாதி மட்டும்தான் நடக்கும்.

லாங் வீக்கெண்டுக்கு நாங்களும் இன்னொரு குடும்பமும் ஹில் கன்ட்ரி பக்கம் ஒரு ஸ்டேட் பார்க்குக்குப் போவதாக முடிவாயிற்று. மொத்தம் ஏழு பேர், மூன்று நாள். ட்ரெய்லரில் ஏறிய சாமானைப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறோம் என்று நினைப்பார்கள். அரிசி மூட்டை, ஐஸ்பெட்டிகள், கட்டுக் கட்டாகத் தண்ணீர் பாட்டில், பெரிய இரும்பு அடுப்பு, கடைசியில் வெட் கிரைண்டர். காட்டில் எதற்கு கிரைண்டர் என்று கேட்டேன். சுடச்சுட வடை போடுவதாக நண்பரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாராம். அந்த ட்ரெய்லரின் சமையலறை பின்கோடியில் இருக்கிறது. அதனால் எல்லாமே பின்கோடிக்குப் போயிற்று.

எதிர் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பிளம்பர். முப்பது வருடமாக ட்ரெய்லர் இழுத்துப் பழகியவர். சாமான் ஏற்றுவதைத் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், தாங்க முடியாமல் தெருவைத் தாண்டி வந்தார். உன் பிக்கப் உயரமாக இருப்பதால் ட்ரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, ட்ரெய்லரைக் கோக்கிற ஹிட்ச் இன்னும் தாழ்வானதாக வாங்கி மாட்டு, கனமான சாமானை முன்பக்கம் நகர்த்து, இல்லையென்றால் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். மணிக்கு அறுபது மைலைத் தாண்டாதே என்றார். போகிறபோது டயரைக் காலால் தட்டி, இவ்வளவு பெரிய டயர் போட்ட பிறகு ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்தாயா என்று கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார்.

அவர் போனதும் நான் கேட்டேன். "ஏங்க, மீட்டர் பத்தி என்னமோ சொன்னாரே?"

"அதெல்லாம் பழைய வண்டிக்கு. இதுல எல்லாமே கம்ப்யூட்டர்."

எனக்கு அது போதவில்லை. நானே தேடிப் படித்தேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். யாராவது திருத்தி வைக்காதவரை மீட்டருக்கு அது தெரியாது. பழைய சின்ன டயரின் கணக்கிலேயே வேகத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்குச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டாள். அவள் அப்பாவிடம் நான் சொன்னபோது அவர் எலுமிச்சம்பழம் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆமாம், எலுமிச்சம்பழம். மறுநாள் காலை பிக்கப்புக்கு நான்கு, ட்ரெய்லருக்கு நான்கு என்று எட்டு டயருக்கும் அடியில் வைத்தார். சூடம் காட்டினார். நான் மறுபடி ஹிட்ச், மீட்டர் என்று ஆரம்பித்தேன்.

"கெளம்பும்போது நெகட்டிவா பேசாத" என்றார். பக்கத்தில் நின்ற நண்பரும், "ஆமா சிஸ்டர், நல்லபடியா போயிட்டு வருவோம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது. சாமிக்கு முன்னால் வாயை மூடுவது மரியாதை. தப்பான ஹிட்ச்சுக்கு முன்னால் வாயை மூடுவது எதில் சேர்த்தி?

முட்டி காரணமாக நான் என் சின்னக் காரில் பின்னால் வந்தேன். மகள் அப்பாவோடு பிக்கப்பில் ஏறிக்கொண்டாள். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, மேப் பார்த்து வழி சொல்வது அவள் வேலை. நண்பர் குடும்பம் எங்களுக்கு முன்னால் போய்விட்டது.

ஐ-35 ஹைவேயில் தெற்கே இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ட்ரெய்லரின் பின்பக்கம் மெல்ல இடமும் வலமும் அசைவது தெரிந்தது. என் காரில் வேகம் அறுபத்தொன்பது. அவரைக் கூப்பிட்டேன். வண்டி ஸ்பீக்கரில் எடுத்தார்.

"ஏங்க, கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க. பின்னாடி ஆடுது."

"சிக்ஸ்டிலதான் போறேன்."

"உங்க பின்னாடியேதான வரேன், எனக்கு சிக்ஸ்டி நைன் காட்டுது."

"அப்போ உன் கார் மீட்டர செக் பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எதிர் வீட்டுக்காரர் சொன்னதில் அவர் மதித்த ஒரே விஷயம் அந்த அறுபதுதான். அதையும் ஏமாற்றுகிற மீட்டரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை கூப்பிட்டு டயர் கணக்கைச் சொன்னேன். சிரித்தார். மூன்றாவது முறை, "பாப்பா உள்ள இருக்கா, அதையாவது நெனச்சுப் பாருங்க" என்றேன். "டிரைவ் பண்றப்போ சும்மா சும்மா போன் பண்ணாத, அதுதான் டேஞ்சர்" என்றார். நான்காவது முறை எடுக்கவில்லை.

ஒரு இறக்கம் வந்தது. பெரிய லாரி ஒன்று இடப்பக்கமாக அவர்களைத் தாண்டிப் போனது. அதன் காற்று பட்டதும் ட்ரெய்லர் ஒருமுறை வலது பக்கம் விலகியது. பிறகு இடது பக்கம். பிறகு இன்னும் வலது பக்கம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. பிக்கப்பின் பின்சக்கரங்களையே அது இழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு லேனையும் துடைத்துக்கொண்டு போன அந்த வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் என் பெண் இருந்தாள். நான் கத்தினேன். காருக்குள் நான் கத்தியது யாருக்குக் கேட்கும்? ட்ரெய்லர் வலப்பக்கத் தடுப்புக் கம்பியில் உரசி, ஒரு டயர் வெடித்து, பிக்கப் ஓரத்துப் புல்லில் குறுக்காக நின்றது.

காரை ஓரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். கதவைத் திறந்தேன். என் பெண் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவளைத் தொட என்னால் ஏற முடியவில்லை. கதவோரக் கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினேன், முட்டி மடங்கிவிட்டது. அழுகிற பிள்ளையைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்படி வைத்த அந்த வண்டியை அந்த நிமிடம் கொளுத்திவிடலாம்போல் இருந்தது. வண்டியை மட்டுமல்ல. அவளே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு என் மேல் குதித்தாள்.

அவர் மறுபக்கம் இறங்கி, ட்ரெய்லரின் நசுங்கிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்தைத் தடவிப் பார்த்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

"காத்து அடிச்சிருச்சு" என்றார்.

என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே மகள் சொன்னாள். "போன்ல சிக்ஸ்டி நைன்னு காட்டிச்சும்மா. ஐ டோல்ட் ஹிம். ஹி காட் மேட். ஸோ ஐ ஸ்டாப்ட்."

அவளிடமும் சொல்லியிருக்கிறார், அந்த மேப் சரியாகக் காட்டாது என்று. இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்குக் கோபம் வந்ததும் நிறுத்திவிட்டாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று நான் வெளியே தேடவேண்டிய அவசியமில்லை. பத்து வயதில் வாயை மூடக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

முன்னால் போயிருந்த நண்பர் விஷயம் தெரிந்து திரும்பி வந்துவிட்டார். "கோவப்படாதீங்க சிஸ்டர், ஆளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல, அதப் பாருங்க" என்றார். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஹைவே போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எவ்வளவு வேகத்தில் போனீர்கள் என்று என் கணவரைக் கேட்டார். அறுபது என்றார் அவர், அதே நம்பிக்கையோடு. போலீஸ்காரர் டயர்களைப் பார்த்தார். பிறகு பின்னால் வந்தது நீங்கள்தானே என்று என்னைக் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்காதே என்கிற பார்வை. பன்னிரண்டு வருடமாக நான் விட்டுக்கொடுத்ததில்லை. என் மகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தொன்பது என்றேன். இவள் மடியில் இருந்த போனும் அதைத்தான் காட்டியிருக்கிறது, இவளையே கேளுங்கள் என்றேன். அவர் குனிந்து கேட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில், ஆனால் தெளிவாகச் சொன்னாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். டயரை மாற்றினால் மீட்டரையும் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடப் போனார்.

அவர் நகர்ந்ததும் என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" என்றார்.

"தனியா மூணு தடவ சொன்னேன். நாலாவது தடவ நீங்க எடுக்கல."

இழுவை வண்டி வரும்வரை அவரும் நண்பரும் அங்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மகளை என் காரில் உட்கார வைத்து வீட்டுக்குக் கிளம்பினேன். போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். படி போடாததிலிருந்து ஆரம்பித்தேன். எலுமிச்சம்பழம், கிரைண்டர், அந்தச் சிரிப்பு, எதையும் விடவில்லை. அவர் சொல்லப்போகும் பதில்களையும் நானே சொல்லி, அவற்றுக்கும் பதில் கொடுத்தேன். ஸ்டீரிங்கைப் பிடித்த கை வலித்தது.

"அம்மா."

"என்ன?" என்றேன். அதட்டலாகத்தான் வந்தது.

அவள் கொஞ்சம் தயங்கினாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பிறகு சொன்னாள். "யூ ஆர் கோயிங் எய்ட்டி த்ரீ."

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மீட்டரைப் பார்த்தேன். எண்பத்துமூன்றுதான். வார்த்தையை விழுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.